இலைக்குப்பையில் ஐந்து முட்டைகள்

எங்கள் வீட்டில் இருந்த ஒரே ஆங்கிலப் புத்தகத்துக்கு அட்டை கிடையாது. முதல் பதினாறு பக்கங்களும் கிடையாது. திறந்ததுமே பதினேழாம் பக்கத்தில் ஒரு டைனோசர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அப்பா மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளி. யாரோ வாசலில் கட்டிப் போட்டிருந்த பழைய காகிதக் கட்டிலிருந்து அதை உருவி, ஈரம் படாமல் சட்டைக்குள் செருகி எனக்காகக் கொண்டுவந்திருந்தார். போன பதினாறு பக்கங்களில் என்னவெல்லாம் இருந்திருக்கும் என்று நான் ஏங்கியது உண்டு. இருந்த பக்கங்களே ஒரு குடும்பத்தைக் கலக்கப் போதுமானவையாக இருந்தன என்பது வேறு விஷயம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஸ்ரீராம்புரத்தில், எதிரே ஒருவர் வந்தால் இன்னொருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்தில் எங்கள் வீடு. எனக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். அப்பாவுக்கு அதுவும் வராது. ஆகையால் ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பதுபோல எங்கள் வீட்டில் நான்தான் டைனோசர் பண்டிதை. சாயங்காலம் அப்பா காபித் தம்ளரோடு உட்கார்ந்ததும் புத்தகத்தைப் பிரித்து அவருக்குப் பாடம் எடுப்பேன். ஒரு நாளும் அவர் கொட்டாவி விட்டதில்லை. என் டீச்சர்களுக்கு அப்படி ஒரு மாணவன் கிடைத்திருக்க மாட்டான்.

அந்தப் புத்தகத்தில் என்னைக் கட்டிப்போட்டது பல்லும் நகமும் அல்ல. நடுவே இருந்த இரண்டு பக்கங்கள். இடதுபக்கத்தில் வீட்டைவிடப் பெரிய ஒரு டைனோசர் மண்ணில் குழி பறித்து, அதில் முட்டையிட்டு, மேலே இலைதழைகளைப் போட்டு மூடிக்கொண்டிருக்கும். அவ்வளவு கனமான உடம்பை வைத்துக்கொண்டு முட்டைமேல் உட்கார்ந்தால் என்ன ஆகும்? அது அதற்குத் தெரிந்திருக்கிறது. இலை மக்கினால் சூடு வரும், அந்தச் சூடே முட்டையைப் பொரிக்கும் என்பதும் தெரிந்திருக்கிறது. பள்ளிக்கூடம் போகாத ஒரு மிருகத்துக்கு இவ்வளவு யோசனையா என்று நான் மாய்ந்துபோனேன். இன்றைக்கும் எனக்கு அந்த வியப்பு தீரவில்லை.

வலதுபக்கத்தில் இருந்ததோ ஒரு திருடன். கிளிமூக்கும் நீளக் கழுத்துமாக, யாருடைய கூட்டிலிருந்தோ ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு இரண்டு காலில் ஓடும். அதன் பெயருக்கே முட்டைத் திருடன் என்றுதான் அர்த்தம் என்று போட்டிருந்தது. நான் பால்பாயிண்ட் பேனாவால் அதற்குக் கைவிலங்கு வரைந்து வைத்திருந்தேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "பசி எடுத்திருக்கும், பாவம்" என்றார்.

"அது திருடன்பா!"

"சரி சரி, திருடன்தான்."

அடுத்த வீட்டில் அத்தை இருந்தாள். அப்பாவுக்கு அக்கா. அவளிடம் ஐந்து கோழிகள். அதில் ஒரு சிவப்புக் கோழி முட்டை விடுவதில் சூரப்புலி, அடை உட்காருவதில் மட்டும் மகா சோம்பேறி. அத்தை முறைப்படிதான் அடை வைத்தாள். கூடையில் மணல் பரப்பி, ஏழு முட்டை அடுக்கி, ஒரு துருப்பிடித்த ஆணி, ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய் மூன்றையும் நடுவில் வைத்தாள். இடி இடித்தால் அடைமுட்டை கூமுட்டையாகிவிடுமாம். இரும்பும் கரியும் மிளகாயும் இருந்தால் இடி அண்டாதாம். அப்பா கூடையை நகர்த்திக் கொடுக்கப் போனார். அத்தை அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"நீ கை வெக்காதடா. ஆம்பள கை பட்டா பொரியாது."

இவ்வளவு மரியாதை செய்தும் அந்தக் கோழி ஐந்தாம் நாள் எழுந்து போய்விட்டது. "கோழின்னு நெனச்சு ஒரு ஓடுகாலிய வளத்திருக்கேன்" என்று அத்தை சந்து முழுக்கக் கேட்கும்படி புலம்பினாள். ஆறிப்போன முட்டைகளைக் கொட்டிவிட்டு, பக்கத்துத் தெருவில் யாரிடமாவது நல்ல அடைக்கோழி இரவல் வாங்குவது என்று முடிவுசெய்து, புதிய முட்டைகளைத் தவிட்டுச் சட்டியில் சேர்க்க ஆரம்பித்தாள்.

எனக்கு இந்த ஏற்பாடே பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. வீட்டைவிடப் பெரிய டைனோசருக்கே தேவைப்படாத கோழி அத்தைக்கு எதற்கு? இலைதானே வேண்டும்? இலைக்கு எங்களிடம் பஞ்சமே இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன பார்க் இருந்தது. பங்குனியில் அங்கே தூங்குமூஞ்சி மரமும் புங்கமரமும் போட்டி போட்டுக்கொண்டு இலை கொட்டும். அதைக் கூட்டி மூலையில் குவிப்பது அப்பாவின் வேலை. சனிக்கிழமை தோறும் லாரி வந்து அள்ளிப் போகும். நான் ஒரு முறை அந்தக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்திருக்கிறேன். ஜுரக்காரன் கழுத்தைத் தொட்டதுபோல் வெதுவெதுவென்று இருக்கும்.

சட்டியில் பதினொரு முட்டை சேர்ந்திருந்த ஒரு நாள், அத்தை தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் ஐந்தை எடுத்துக்கொண்டேன். டிபன் டப்பாவுக்குள் துணி சுற்றி வைத்து, பள்ளிக்கூடம் போகும் வழியில், கூட வந்த அப்பா பார்க் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் குவியலின் ஓரத்தைத் தோண்டி, படத்தில் பார்த்தபடியே வட்டமாக அடுக்கி, நடுவில் இடம் விட்டு, இலையால் மூடினேன். அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சாப்பாடு இல்லை. அறிவியலுக்காக அந்தத் தியாகத்தைச் செய்தேன்.

சாயங்காலம் அத்தை எண்ணிப் பார்த்துவிட்டுப் பெருச்சாளியைச் சபிக்கத் தொடங்கினாள். அதன் வம்சம் விளங்காது, கால் விளங்காது, கண் விளங்காது என்று ஒரு வாரம் விடாமல் சாபம். அந்தப் பெருச்சாளி பாயில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்தவற்றை எல்லாம் நான் என் அதிர்ஷ்டம் என்றே எடுத்துக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமை லாரி வந்தது. வந்து, பார்க்குக் குவியலை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டது. அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. சந்து முனை மாரியம்மனுக்கு நான் சூடம் ஏற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தேன். அவள்தான் லாரிக்காரன் கண்ணைக் கட்டிவிட்டாள் என்று நம்பினேன்.

அப்பா காலை வேலைக்கு நடுவே எட்டரை மணிக்கு வீட்டுக்கு வந்து, என்னைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவார். வழியில் பார்க்குக்குள் ஒரு நடை போய்விட்டுத்தான் போவோம். ஒரு நாள் அவர் குந்தி உட்கார்ந்து குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்ததைப் பார்த்தேன். எனக்கு உயிரே போய்விட்டது.

"என்னப்பா தேடுற?"

"ஒண்ணுமில்ல. சூடு எவ்ளோ இருக்குன்னு பாக்குறேன். ரொம்ப சூடாச்சுன்னா பத்திக்கும்."

என் முட்டை அவர் கையில் தட்டுப்படவில்லை என்பதில் எனக்கு வந்த நிம்மதி சொல்லி மாளாது. அப்பாவுக்கு அவ்வளவுதான் சாமர்த்தியம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் மாங்காய் மழை வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிக்கொண்டு, வானம் உறுமியது. முதல் இடி விழுந்ததும் எனக்கு அத்தை சொன்னது ஞாபகம் வந்தது. கூமுட்டை! ஆணி, கரி, மிளகாய் எதுவுமே நான் வைக்கவில்லையே! டைனோசர் புத்தகத்தில் அதைப்பற்றி ஒரு வரி இல்லை. அந்த நேரத்தில் அப்பா அடுப்படியில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தார். அம்மா என்ன வேண்டும் என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார். பிறகு ஒரு பிளாஸ்டிக் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு, பார்க் கேட்டைச் சாத்த மறந்துவிட்டேன் என்று சொல்லி அந்த மழையில் இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது தெப்பலாக நனைந்திருந்தார். கோணியைக் காணோம்.

மூன்றாவது வாரம்தான் வினை வந்தது. பார்க்கில் இருந்த பித்தளைக் குழாய் காணாமல் போனது. பார்க்கைக் கவனிக்கும் சங்கத்துக்கு ஒரு தலைவர் இருந்தார். ஓய்வு பெற்ற அதிகாரி. குல்லாயும் கைத்தடியுமாகக் காலையில் பத்துச் சுற்று நடப்பவர். ஏற்கெனவே குவியலைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்தார். அப்பா விடிந்ததும் விடியாததுமாக அதற்குள் கை விடுவதையும் பார்த்திருக்கிறார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. சனிக்கிழமை, அரை நாள் பள்ளிக்கூடம். நானும் அப்பாவும் பார்க்குக்குள் நுழைந்தபோது, தலைவரும் அப்பாவின் மேஸ்திரியும் நடக்க வந்த நாலைந்து பேரும் குவியலைச் சுற்றி நின்றார்கள்.

"மூணு வாரமா இந்தக் குப்பைய ஏன் எடுக்கல?" என்றார் தலைவர்.

மேஸ்திரி கன்னடக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் தலைவர் எதிரே நிற்கும்போது யாரும் நல்ல மனிதராக இருக்க முடியாது. "ஏனப்பா, ஒளகே ஏனிதெ?" உள்ளே என்ன இருக்கிறது என்று அதட்டினார்.

"இலைதான் சார்."

"அப்ப கெளறிக் காட்டு" என்றார் தலைவர்.

அப்பா அசையவில்லை. மேஸ்திரியே முள்வாரியை எடுத்து ஓங்கினார். அப்போது அப்பா சட்டென்று குறுக்கே பாய்ந்து, மண்டியிட்டு, இரண்டு கைகளையும் அகல விரித்துக் குவியலின்மேல் வைத்துக்கொண்டார்.

"மெதுவா சார். நானே எடுக்குறேன்."

பிடிப்பிடியாக இலையை அள்ளி ஓரத்தில் வைத்தார். முதலில் மடித்துப் போட்ட பிளாஸ்டிக் கோணி வந்தது. அதன்கீழே என் ஐந்து முட்டைகள், நான் அடுக்கிய வட்டம் கலையாமல் இருந்தன. நான் நடுவில் விட்டிருந்த இடத்தில் ஒரு துருப்பிடித்த ஆணி, ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய்.

நடக்க வந்திருந்த ஓர் அம்மாள்தான் முதலில் வீறிட்டார். "அய்யோ தேவ்ரே, மாட்டா!" மாட்டா என்றால் சூனியம். முட்டை, மிளகாய், கரி, ஆணி என்று ஒரு பட்டியல் சொன்னால் எந்த ஊர்க்காரருக்கும் அதுதான் தோன்றும். சங்கத்துக்கு அடுத்த மாதம் தேர்தல் இருந்தது. தனக்குத்தான் வைத்திருக்கிறார்கள் என்று தலைவர் மூன்றடி பின்னால் போய், கழுத்துத் தாயத்தைப் பிடித்துக்கொண்டார். பித்தளைக் குழாயை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

எனக்கு வேறு பயம். ஆணியையும் மிளகாயையும் பார்த்ததுமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். அத்தை கண்டுபிடித்துவிட்டாள்! என் பின்னாலேயே வந்து, பார்த்து, தன் முட்டைகளுக்குத் தானே காவலும் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வீட்டுக்குப் போனால் தோலை உரிப்பாள். முட்டை என்னுடையது, நான்தான் எடுத்து வந்து வைத்தேன் என்று அங்கே நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டவள் மாதிரி நின்றேன்.

அப்பா என்னை ஒரே ஒரு முறை பார்த்தார். பிறகு தலைவர் பக்கம் திரும்பினார்.

"நான்தான் சார் வெச்சேன். சூனியமெல்லாம் இல்ல சார். குஞ்சு பொரிக்கட்டும்னு வெச்சேன்."

"குப்பையிலயா?"

"சூடு இருக்குல்ல சார்."

மேஸ்திரி முதலில் சிரித்தார். "ஏனோ, நீனே காவு கூத்தித்தீயா?" நீயே அடை உட்கார்ந்துவிட்டாயா என்று அவர் கேட்டதும் மற்றவர்களும் சிரித்தார்கள். பயந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு, அடங்க வெகுநேரம் ஆனது. அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே முட்டைகளைத் தோள்துண்டில் கட்டிக்கொண்டார்.

குழாயை ரிப்பேருக்காகக் கழற்றிக்கொண்டு போனவன் இரண்டு நாள் கழித்துத் திரும்பக் கொண்டுவந்து மாட்டினான். அதற்காக அப்பாவிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தலைவருக்குச் சிரித்த பிறகும் சந்தேகம் போகவில்லை போலிருக்கிறது. அடுத்த வாரமே அப்பாவை நகரத்தின் மறுகோடிக்கு மாற்றிவிட்டார்கள். முதல் பஸ்ஸைப் பிடித்துப் போக வேண்டும். நான் எழுந்திருக்கும்போது அவர் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். எட்டரை மணிக்குக் கையைப் பிடித்துக்கொண்டு போக ஆள் இல்லை. என்னைவிட அந்த ஏரியா அவருக்குப் பெரிதாகிவிட்டது என்று நான் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. பெயர் மட்டும் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. கன்னடத்தில் கோழியைக் கோளி என்பார்கள். புது இடத்திலும் காலையில் பெயர் கூப்பிடும்போது எல்லோருக்கும் அவர் கோளிதான்.

முட்டைகள் கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா அவற்றைக் கடையில் வாங்கியதாகச் சொல்லி, இரவல் அடைக்கோழியின் கீழே வைக்கும்படி அத்தையிடம் கொடுத்தார். மூன்றாம் நாள் ஒரு முட்டை கீறி, ஒரு குஞ்சு வெளியே வந்தது. இருபத்தொரு நாள் கணக்கு மூன்று நாளில் முடிந்துவிட்டதைக் கண்டு அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினாள். சந்தே வந்து அந்தக் குஞ்சைத் தரிசித்துவிட்டுப் போனது. மற்ற நான்கும் கூமுட்டை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் அத்தை இப்படி நடிக்கிறாள் என்று எனக்கு நெஞ்சு உருகிவிட்டது. அதன்பிறகு அவள்மேல் தனிப் பாசம் வைத்தேன். முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு சட்டையும் அத்தைக்குப் பட்டுப்புடவையும் எடுத்தேன். அம்மாவுக்கு அந்தப் புடவைமேல் இன்னும் கோபம் தீரவில்லை.

போன வருஷம் என் மகளுக்கு ஒரு டைனோசர் புத்தகம் வாங்கினேன். இதற்கு அட்டை இருக்கிறது, முதல் பதினாறு பக்கமும் இருக்கிறது. புரட்டிக்கொண்டே வந்த நான், கிளிமூக்கைப் பார்த்ததும் நின்றேன். என் திருடன். ஆனால் இதில் அவன் ஓடவில்லை. இறகு முளைத்த உடம்போடு ஒரு கூட்டின் நடுவில் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் வட்டமாக முட்டைகள். தன் பாரம் முட்டைமேல் விழாதபடி நடுவில் இடம் விட்டு உட்கார்ந்து, கைகளை இரண்டு பக்கமும் விரித்து வட்டத்தை மூடியிருந்தான்.

விஷயம் இதுதான். முதன்முதலில் அந்த எலும்புக்கூடு முட்டைகளின்மேல் கிடைத்தபோது, திருட வந்த இடத்தில் செத்திருக்கிறது என்று நினைத்து அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். பல வருஷம் கழித்து, அதே மாதிரி முட்டை ஒன்றுக்குள் இதே குடும்பத்துக் குஞ்சு இருப்பதைப் பார்த்தார்கள். பிறகு இதன் உறவுக்காரர்கள் சிலரின் எலும்புக்கூடுகள் கூட்டின்மேல் உட்கார்ந்தபடியே கிடைத்தன. மேலே மணல் வந்து விழுந்தபோதும் எழுந்து ஓடவில்லை. விரித்த கை விரித்தபடி இருந்தது. அப்படி அடை உட்கார்ந்தது தாயாக அல்ல, தகப்பனாகக்கூட இருக்கலாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எல்லாம் தெரிந்த பிறகும் பெயரை மாற்றவில்லை. ஒரு முறை முறைப்படி வைத்த பெயரை, அர்த்தம் தப்பு என்பதற்காக மாற்ற விதியில்லையாம்.

அன்று சாயங்காலமே அத்தையிடம் போய், அந்தப் பெருச்சாளி நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். ஆணியும் மிளகாயும் வைத்ததற்கு நன்றியும் சொன்னேன். அத்தை என்னைப் பார்த்து விழித்தாள்.

"எந்த ஆணிடி? நான் எங்க அந்த பார்க்குக்குப் போனேன்?"

பிறகு மெல்ல, "ஆம்பள கை பட்டா பொரியாதுன்னு அவன்கிட்ட சொன்னேனே" என்றாள்.

சனிக்கிழமை தோறும் லாரியைத் திருப்பி அனுப்பியவர் யார், மழையில் கோணியோடு போனவர் எதற்குப் போனார், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. மண்ணில் புதைத்த டைனோசர் முட்டையை அசைக்கக் கூடாது என்பார்கள். கோழிமுட்டையை அப்படி விட முடியாது. தினமும் புரட்டிப் புரட்டி வைக்காவிட்டால் கரு ஓட்டில் ஒட்டிக்கொண்டு செத்துப்போகும். கோழி அதை மூக்கால் செய்யும். என் புத்தகத்தில் அது இல்லை. பத்தொன்பது நாள் குவியலுக்குள் கையை விட்டு அதைச் செய்தது யாராக இருக்கும் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அடை வைப்பது பெண்கள் காரியம் அல்லவா?

வீட்டுக்கு வந்தேன். அப்பா ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது. என் மகள் அவர் மடியில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைக் காட்டிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய போன் அடித்தது. கூட வேலை பார்த்த யாரோ. எதிர்முனையிலிருந்து "ஏ கோளி!" என்று கூப்பிட்டது எனக்கே கேட்டது. அப்பா சிரித்துக்கொண்டு "ஹேளப்பா", சொல்லப்பா, என்றார்.

நான் அவரிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டால் நானும் ஒன்றைச் சொல்ல வேண்டிவரும். அன்று பார்க்கில் அவர் மண்டியிட்டு, கைகளை விரித்துக் குவியலை மறைத்தபோது, நான் இரண்டடி தள்ளி டிபன் டப்பாவோடு நின்றுகொண்டிருந்தேன். உள்ளே என் முட்டைகள் இருப்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பதுதான் தெரியாது. அவர் தினமும் கை விட்டதையும் குழாய் காணாமல் போனதையும் நானும் சேர்த்துப் பார்த்தேன். குழாயை ஒளித்துவைக்க அப்பாவுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா, என் முட்டைகளுக்குப் பக்கத்திலா கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.